ஜாமீன் கேட்காத ஒரே கடனையும் நிறுத்துகிறீர்கள்: அமெரிக்கக் கல்வித் துறைச் செயலருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் கல்வித் துறைச் செயலர் லிண்டா மக்மஹோன் அவர்களுக்கும், பட்டமேற்படிப்புக் கடன் விதிகளை எழுதிக்கொண்டிருக்கும் அவருடைய துறை அலுவலர்களுக்கும்,

வரும் ஆகஸ்டில் நான் சேர வேண்டிய மயக்கவியல் செவிலியர் படிப்பை, அதாவது அறுவையின்போது மயக்க மருந்து கொடுக்கும் செவிலியருக்கான படிப்பை, உங்கள் வரைவு விதி 'தொழிற்பட்டம்' என்று ஏற்க மறுக்கிறது. அது முனைவர் பட்டம். முழுநேரமாக முப்பத்தாறு மாதம் படிக்க வேண்டும். நோயாளியின் மூச்சைக் கையில் வாங்கி, அறுவை முடிந்ததும் அவரிடமே திருப்பிக் கொடுக்கும் வேலையை அது கற்றுத்தருகிறது. அதற்கென்று தனி உரிமம் இல்லாதவர் அந்த வேலையைத் தொடவே முடியாது. இத்தனை இருந்தும் அது தொழிற்பட்டம் அல்ல என்கிறீர்கள். ஏன் என்று தேடிப் படித்தேன். படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நான் அயோவா மாநிலத்தில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் நர்ஸ். கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே பிறந்தவள். 2013-இல் திருமணமாகி இங்கே வந்தேன், அடுத்த ஆண்டு இந்நாட்டு உரிமத் தேர்வை எழுதினேன், 2018-இல் குடியுரிமை பெற்றேன். சென்ற டிசம்பரில் மயக்கவியல் செவிலியர் படிப்பில் எனக்கு இடம் கிடைத்தது. இந்த மடலின் ஆங்கில வடிவத்தை, வரைவு விதி மீதான கருத்தாக உங்கள் துறைக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். தமிழில் எழுதக் காரணம், உங்கள் விதியைப் பற்றிய கணக்கு எங்கள் வீட்டில் தமிழில்தான் போடப்படுகிறது. எங்களைப் போலவே பல வீடுகளிலும். "அக்கா, இனிமேல் நாமெல்லாம் மேலே படிக்க முடியுமா?" என்று இரவுப் பணி முடித்துவிட்டு என்னை அழைத்துக் கேட்கும் பெண்கள் தமிழில்தான் கேட்கிறார்கள்.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் பிளஸ் கடனை 2026 ஜூலை 1 முதல் புதிய மாணவர்களுக்கு நிறுத்துகிறது. 2006 ஜூலையில் தொடங்கிய கடன் அது. படிப்புக்கு ஆகும் மொத்தச் செலவு வரை அதில் வாங்கலாம். இனி இரண்டு வரிசை. தொழிற்பட்ட மாணவர் என்றால் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000. மற்றவர் என்றால் ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000. நான் இரண்டாம் வரிசை.

என் படிப்புக்குக் கல்விக் கட்டணமும் பிற கட்டணங்களும் சேர்த்து மூன்று ஆண்டுக்கு 1,18,000 டாலர். உங்கள் வரம்பில் எனக்குக் கிடைப்பது 61,500. மீதி 56,500 டாலருக்கு நான் எங்கே போவது? இது கட்டணம் மட்டும்தான். அந்த மூன்று ஆண்டும் எனக்குச் சம்பளம் கிடையாது. மருத்துவமனைப் பயிற்சி மட்டுமே குறைந்தது 2,000 மணி நேரம். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க வாய்ப்பில்லை என்று கல்லூரியே முதல் நாள் கையெழுத்து வாங்கிக்கொள்கிறது. என் கணவர் ஒரு சமுதாயக் கல்லூரியில் கணக்கு ஆசிரியர். இரண்டு பிள்ளைகள், ஒரு வீட்டுக் கடன். கணக்கு வாத்தியார் வீட்டிலேயே இந்தக் கணக்கு விடை தரவில்லை.

20,500 என்ற எண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது புதிதாக யோசித்துக் கண்ட எண் அல்ல. பட்டமேற்படிப்பு மாணவருக்கான ஆண்டு வரம்பு 2007-லேயே 20,500-ஆக ஆகிவிட்டது. அப்போது நான் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் முதல் வேலையில் இருந்தேன். என் பிள்ளைகள் பிறக்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் கட்டணம், வாடகை, முட்டை விலை எல்லாம் ஏறின. இந்த எண் மட்டும் அசையவில்லை. மேலே பிளஸ் கடன் என்ற கூரை இருந்ததால் இது எவ்வளவு குட்டை என்பது யாருக்கும் உறைக்கவில்லை. இப்போது கூரையைப் பிரித்துவிட்டு, சுவரின் உயரம் போதும் என்கிறீர்கள்.

இதில் இன்னொரு முரண் உண்டு. முன்பு மயக்கவியல் செவிலியராக முதுநிலைப் பட்டம் போதும். 2022 முதல் சேர்பவர்கள் எல்லோரும் முனைவர் பட்டம்தான் படிக்க வேண்டும் என்று இந்தத் தொழிலுக்கான அங்கீகாரக் குழு விதித்தது. படிப்பும் செலவும் நீண்டன. நான்கே ஆண்டில் கடன் குறுகிவிட்டது.

இனி உங்கள் விளக்கத்துக்கு வருகிறேன். தொழிற்பட்டம் எது என்பதற்குச் சட்டம் புதிதாக இலக்கணம் எழுதவில்லை. உங்கள் துறையின் பழைய விதி ஒன்றைச் சுட்டிவிட்டு நிறுத்திக்கொண்டது. அந்த விதியைத் தேடி எடுத்து வாசித்தேன். ஒரு தொழிலைத் தொடங்குவதற்குத் தேவையான கல்வியை முடித்ததையும், இளநிலைப் பட்டத்துக்கு மேற்பட்ட தொழில்திறனையும் காட்டும் பட்டம்தான் தொழிற்பட்டம், பொதுவாக அதற்கு உரிமமும் வேண்டும் என்கிறது அது. பிறகு பத்து எடுத்துக்காட்டுகள் தருகிறது. மருந்தியல், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம், கைரோபிராக்டிக், சட்டம், மருத்துவம், கண் பரிசோதனை, ஆஸ்டியோபதி, பாத மருத்துவம், இறையியல். இந்தப் பத்துக்கும் முன்னால் ஒரு சிறு தொடர் இருக்கிறது: எடுத்துக்காட்டுகளில் இவை அடங்கும், இவற்றோடு முடிந்துவிடுவதில்லை என்ற பொருள் தரும் தொடர். சட்டம் சுட்டிய விதியில் அந்தத் தொடரும் சேர்ந்துதான் இருக்கிறது.

2025 நவம்பரில், விதியை வகுக்க நீங்கள் கூட்டிய பேச்சுவார்த்தைக் குழு அந்தத் தொடரை அப்படியே விழுங்கிவிட்டது. பத்தோடு மருத்துவ உளவியலைச் சேர்த்துப் பதினொன்றாக்கிக் கதவைச் சாத்தியது. புதிய நிபந்தனைகளையும் பார்த்தேன். பொதுவாக முனைவர் நிலையில் இருக்க வேண்டும். மொத்தம் ஆறு கல்வியாண்டுகளாவது படித்திருக்க வேண்டும், அவற்றில் குறைந்தது இரண்டு ஆண்டு இளநிலைக்குப் பிறகு இருக்க வேண்டும். உரிமம் தேவைப்படும் தொழிலாக இருக்க வேண்டும். என் படிப்பு நாலும் மூன்றும் ஏழு ஆண்டு, முனைவர் நிலை, உரிமம் கட்டாயம். எல்லாவற்றிலும் தேறிவிட்டேன். கடைசியில் ஒன்று: படிப்புக்குரிய குறியீட்டு எண்ணின் முதல் நான்கு இலக்கங்கள் அந்தப் பதினோரு துறைகளில் ஒன்றோடு ஒத்திருக்க வேண்டும். செவிலியத்தின் குறியீடு வேறு. அவ்வளவுதான் விஷயம். புள்ளிவிவரம் தொகுப்பதற்காக யாரோ எப்போதோ போட்ட நான்கு இலக்கம் என்னை வெளியே நிறுத்துகிறது.

இறையியலை நான் குறைத்துப் பேசுவதாக எண்ணிவிட வேண்டாம். என் பெரியப்பா எங்கள் ஊர்ச் சபையில் முப்பது ஆண்டுகள் போதகராக இருந்தவர். சாவு வீட்டில் அவர் வந்து உட்கார்ந்தாலே அழுகை அடங்கும். ஆனால் பட்டியலில் உள்ள இறையியல் பட்டம் முதுநிலைதான், முனைவர் அல்ல. போதகராவதற்கு எந்த மாநிலமும் உரிமம் கேட்பதில்லை. அங்கே நிபந்தனைகளைத் தளர்த்த உங்களுக்கு மனம் வந்திருக்கிறது. வந்ததில் எனக்கு வருத்தமில்லை. எங்கள் பக்கம் மட்டும் ஏன் வரவில்லை என்பதே என் கேள்வி.

நர்ஸ்கள் இளநிலைப் பட்டத்தோடே தொழிலைத் தொடங்கிவிடுகிறார்கள், எனவே மேற்படிப்பு 'தொழில் தொடங்கத் தேவையான' படிப்பு ஆகாது என்று சொல்பவர்களும் உண்டு. இப்படிச் சொல்பவர் அறுவை அரங்குக்குள் ஒருநாள் வந்து நிற்க வேண்டும். என்னிடம் இப்போதுள்ள நர்ஸ் உரிமத்தை வைத்துக்கொண்டு நான் ஒருவருக்கு மயக்க மருந்து கொடுத்தால் மறுநாள் உரிமமும் இருக்காது, நானும் வெளியே இருக்க மாட்டேன். அது வேறு தொழில். அதற்கு வேறு தேர்வு, வேறு உரிமம்.

அந்தத் தொழிலை நான் முதலில் பார்த்தது ஒரு மாவட்ட மருத்துவமனையில். இங்கே வந்த புதிதில் நான்கு ஆண்டுகள் அங்கே வேலை பார்த்தேன். 25 படுக்கைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு வகுத்திருக்கும் சிறு மருத்துவமனைகளில் ஒன்று அது. அயோவாவில் மட்டும் அப்படி 80-க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. சுற்றிலும் சோளமும் சோயாவும். அடுத்த பெரிய மருத்துவமனைக்குக் காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல். மயக்கவியல் மருத்துவர் அங்கே கிடையாது. அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு மயக்கவியல் செவிலியர் இருந்தார். இடுப்பெலும்பு முறிந்த பாட்டிக்கும் அவர்தான், குடலிறக்க அறுவைக்கும் அவர்தான், நள்ளிரவில் மூச்சுக்குழாய் போட வேண்டியிருந்தாலும் அவர்தான். 2001-லேயே, மயக்கவியல் செவிலியருக்கு மருத்துவர் மேற்பார்வை கட்டாயம் என்ற மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) விதியிலிருந்து முதன்முதலாக விலகிக்கொண்ட மாநிலம் அயோவா. ஏன் விலகியது என்பது அந்த மருத்துவமனையில் ஒரு வாரம் வேலை பார்த்தால் புரிந்துவிடும்.

ஒரு ஜனவரி இரவு. பனி கொட்டியதில் நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். ஹெலிகாப்டர் பறக்காது என்று சொல்லிவிட்டார்கள். பிரசவத்துக்கு வந்திருந்த பெண்ணின் வயிற்றில் குழந்தையின் இதயத் துடிப்பு விழுந்து விழுந்து எழுந்தது. உடனே அறுவை செய்தாக வேண்டும். மயக்கவியல் செவிலியரின் வீடு மூன்று மைல் தொலைவில். பக்கத்து வீட்டு விவசாயி டிராக்டரில் பனியைத் தள்ளிக்கொண்டே அவரை ஏற்றிவந்து வாசலில் இறக்கினார். தண்டுவடத்தில் ஊசி போடும்போது அந்தப் பெண்ணின் முதுகை வளைத்துப் பிடித்துக்கொள்வது என் வேலை. அவள் நடுங்கினாள், நானும் நடுங்கினேன். ஊசி பிடித்த கை மட்டும் நடுங்கவில்லை. இருபது நிமிடத்தில் குழந்தை அழுதது. விடியற்காலையில் காப்பி குடிக்கும்போது அவர் என்னிடம், "நீ இதைப் படி. எனக்குப் பிறகு இங்கே ஆள் வேண்டும்" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நகரத்து மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாறினேன். அந்த அனுபவம் இல்லாமல் இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கவே முடியாது. மூன்று முறை விண்ணப்பித்தேன், மூன்றாம் முறை இடம் கிடைத்தது. அவர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். திரும்பிப் போய் அந்த இடத்தில் நிற்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

கூட்டாட்சிக் கடன் போதாவிட்டால் தனியார் கடன் வாங்கலாமே என்பீர்கள். கேட்டுப் பார்த்தேன். ஒரு நிறுவனத்தில் என்னுடைய கடன் வரலாறு போதாது, இன்னொருவர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். கணவரைச் சொன்னேன். அவர் சம்பளத்தில் பாதி ஏற்கெனவே வீட்டுக் கடனுக்குப் போகிறது, வேறு யாராவது உண்டா என்றார்கள். தொலைபேசியை வைத்துவிட்டுச் சிரித்தேன். சிரிப்பு வந்ததற்குக் காரணம் வேறு.

2002-இல் எனக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தபோது என் அப்பா வங்கிக்குப் போனார். இந்திய வங்கிகளின் கல்விக் கடன் திட்டம் வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. நான்கு லட்சம் ரூபாய் வரை பிணை வேண்டாம் என்பது அந்தத் திட்டம். எங்கள் ஊர் மேலாளருக்கோ விதியைவிடப் பழக்கம்தான் பெரிது. ஜாமீனுக்கு ஆள் கொண்டு வாருங்கள் என்றார். ரப்பர் பால் வெட்டும் மனிதருக்கு ஜாமீன் போட யார் இருக்கிறார்கள்? அப்பா மூன்று வீடு ஏறி இறங்கினார். முதல் வீட்டில் 'பொம்பளப் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு' என்றார்கள், இரண்டாம் வீட்டில் வெளியே வரவே இல்லை. மூன்றாம் வீட்டில் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான்காவதாக, பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கண்ணாடியைத் தேடியெடுத்துப் போட்டுக்கொண்டு, என்ன ஏது என்று வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். அந்தக் கடனை நான் முழுதாக அடைத்த அன்று அவருக்கு ஒரு வேட்டி வாங்கிக்கொண்டு போனேன்.

அமெரிக்காவில் நான் முதலில் மதித்த விஷயங்களில் ஒன்று உங்கள் துறையின் மாணவர் கடன். உன் அப்பா யார், உனக்கு யாரைத் தெரியும் என்று அது கேட்கவில்லை. பிளஸ் கடனுக்குக்கூடப் பழைய பாக்கி ஏதும் மோசமாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தார்கள். அது தர்மச் சத்திரமும் அல்ல. 2025-26 கல்வியாண்டில் பிளஸ் கடனுக்கு வட்டி 8.94 சதவீதம், போதாக்குறைக்குத் தொடக்கத்திலேயே நான்கு சதவீதத்துக்கு மேல் கட்டணம் பிடித்தார்கள். அதைக் கட்டத் தயாராக இருந்தேன். ஜாமீன்தான் கேட்கவில்லையே. இருபத்து நான்கு ஆண்டு கழித்து, பாதி உலகத்தைத் தாண்டி வந்த பிறகும், நான் மறுபடியும் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும் என்கிறீர்கள். இங்கே எந்தத் தலைமையாசிரியரை நான் தேடுவேன்?

தனியார் கடனில் இன்னொரு சிக்கலும் உண்டு. உங்கள் விதி மிக அதிகமாகக் காயப்படுத்தப்போவது அங்கேதான். அரசு அல்லது லாப நோக்கற்ற அமைப்பில் பத்தாண்டு வேலை பார்த்து, 120 தவணை கட்டினால் மீதிக் கூட்டாட்சிக் கடன் தள்ளுபடி. நான் போக நினைக்கும் மாவட்ட மருத்துவமனை அரசுடையது, இந்தச் சலுகைக்கு உரியது. பெருநகரத்தைவிடச் சம்பளம் குறைவாக இருந்தாலும் அங்கே போவது கட்டுப்படியாகும் என்று நான் கணக்குப் போட்டதே இதை நம்பித்தான். தனியார் கடனுக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது. 56,500 டாலரைத் தனியார் கடனாக வாங்கினால், அதை அடைப்பதற்கு எங்கே சம்பளம் கூடுதலோ அங்கேதான் போயாக வேண்டும். பனியில் டிராக்டர் ஏறிவரும் ஊருக்கு அல்ல. அந்த ஊர்களுக்கு ஆள் போக வேண்டும் என்று அரசின் ஒரு கை சலுகை கொடுக்கிறது, மறு கை அதைப் பறித்துக்கொள்கிறது.

நர்சிங் மாணவர்களில் 95 சதவீதம் பேர் ஆண்டு வரம்புக்குக் கீழேதான் கடன் வாங்குகிறார்கள், எனவே பாதிப்பில்லை என்று உங்கள் துறை நவம்பரில் விளக்கம் கொடுத்தது. நாட்டின் நர்ஸ்களில் ஐந்தில் நான்கு பேருக்குப் பட்டமேற்படிப்பே இல்லை என்றும் சொன்னீர்கள். எங்கள் பிரிவில் நூறு நோயாளிகளில் தொண்ணூற்றைந்து பேர் பிழைத்தால், மீதி ஐந்து பேரின் கட்டிலருகேதான் நாங்கள் நிற்போம். அந்த ஐந்து சதவீதம் யார்? மூன்று ஆண்டு சம்பளமில்லாமல் படிக்க வேண்டியவர்கள், செலவு மிகுந்த படிப்பில் இருப்பவர்கள், வீட்டில் பணம் இல்லாதவர்கள். வரம்பு அவர்களைத்தான் குறிவைக்கிறது. மற்றவர்களைத் தொடாதது ஒரு சமாதானம் ஆகாது. இது மதிப்பீடு அல்ல, கடன் வரம்புக்கான நிர்வாகச் சொல் மட்டுமே என்றும் விளக்கினீர்கள். சொல்லால் எனக்கு வலியில்லை. எந்தப் பெயரிட்டாலும் எனக்குக் கிடைப்பது ஆண்டுக்கு 29,500 டாலர் குறைவு.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எவ்வளவு கேட்டாலும் கடன் கிடைக்கும் என்று தெரிந்த கல்லூரிகள் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போயின என்ற உங்கள் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. என் கல்லூரியின் கட்டண ரசீதில் 'தொழில்நுட்பக் கட்டணம்' என்று ஒரு வரி உண்டு. அது என்ன தொழில்நுட்பம் என்று கேட்டேன், இதுவரை பதில் வரவில்லை. வரம்பே கூடாது என்பவள் அல்ல நான். ஐம்பதாயிரம் என்ற வரம்பு எனக்கும் இருந்தால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். கட்டணத்தைக் குறைக்க வைப்பது உங்கள் நோக்கம் என்றால், சட்டக் கல்லூரியில் அந்தப் பாடத்தை ஐம்பதாயிரத்தில் நடத்துகிறீர்கள், செவிலியர் கல்லூரியில் இருபதாயிரத்து ஐந்நூறில் நடத்துகிறீர்கள். கல்லூரிகள் கட்டணத்தைக் குறைக்கும் வரை நடுவில் மாட்டிக்கொள்ளும் மாணவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு உங்கள் வரைவில் ஒரு வரிகூட இல்லை.

நான் என் கதையைச் சொன்னேன், ஆனால் வரிசையில் நான் மட்டும் இல்லை. இந்த நாட்டில் பிசியோதெரபிஸ்ட் ஆக முனைவர் பட்டம் படிக்காமல் முடியாது, 2016 முதல் வேறு வழியே வைக்கவில்லை. செவித்திறன் நிபுணருக்கும் அப்படித்தான். அவர்களும் இரண்டாம் வரிசை. மருத்துவ உதவியாளர் (பிசிஷியன் அசிஸ்டென்ட்), தொழில்வழிச் சிகிச்சையாளர் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்), நோயாளியை நேரடியாகப் பார்த்து மருந்தெழுதும் செவிலியர், எல்லோரும் அதே வரிசை. வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிக்கும் நர்ஸ்களுக்கு இன்னும் மோசம். முழுநேரம் அல்லாதவருக்கு ஆண்டு வரம்பையும் அதே விகிதத்தில் குறைக்கச் சட்டம் சொல்கிறது. என்னை அழைத்துக் கேட்கும் பெண்களில் பெரும்பாலோர் அந்த வகை. பாதிப் பாடம் எடுத்தால் பாதிக் கடன்.

ஆசிரியர்களையும் மறந்துவிட்டீர்கள். நர்சிங் கற்பிக்கக் குறைந்தது முதுநிலைப் பட்டமாவது வேண்டும். ஆசிரியர் இல்லை, பயிற்சிக்கு இடம் இல்லை என்று 2023-இல் மட்டும் தகுதியான 65,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை நர்சிங் கல்லூரிகள் திருப்பி அனுப்பியதாக அமெரிக்கச் செவிலியர் கல்லூரிகள் சங்கம் கணக்குக் காட்டியது. மேற்படிப்புக்கான வழியைச் சுருக்கினால் நாளைய வகுப்பறையில் பாடம் நடத்த யார் வருவார்கள்?

கடைசியாக ஒரு சிறு செய்தி. என்னோடு ஒரே பிரிவில், ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்த தோழி இந்த ஜனவரியில் இதே போன்ற படிப்பில் சேர்ந்துவிட்டாள். அவளுடைய கல்லூரி ஜனவரியில் தொடங்கும், என்னுடையது ஆகஸ்டில். ஜூலை 1-க்கு முன்பே சேர்ந்து கடனும் வாங்கிவிட்டதால் அவளுக்கு மூன்று ஆண்டு வரை பழைய விதி பொருந்தும். எனக்குப் பொருந்தாது. அவள் நன்றாகப் படிக்கட்டும். எங்களுக்குள் உள்ள ஒரே வேறுபாடு நாட்காட்டிதான்.

உங்களிடம் நான் கேட்பது இவைதான்.

இறுதி விதியில் அந்த நான்கு இலக்கக் குறியீட்டு நிபந்தனையை நீக்குங்கள். ஒரு தொழிலில் இறங்க உரிமம் வேண்டும், அந்த உரிமத்துக்கு இளநிலைக்கு மேற்பட்ட பட்டம் வேண்டும் என்றால் அந்தப் பட்டம் தொழிற்பட்டம். பழைய விதி சொன்னது அதைத்தான். மயக்கவியல் செவிலியர் உள்ளிட்ட உயர்நிலைச் செவிலியப் பட்டங்களையும், பிசியோதெரபி, செவித்திறன், தொழில்வழிச் சிகிச்சை, மருத்துவ உதவியாளர் பட்டங்களையும் பெயர் சொல்லி எழுதுங்கள். எங்களை நீதிமன்றத்துக்கு அலைய விடாதீர்கள்.

95 சதவீதம் என்ற எண்ணைப் பிரித்துக் காட்டுங்கள். அதில் பட்டமேற்படிப்பு மாணவர்கள் எத்தனை பேர், மயக்கவியல் செவிலியர் படிப்பில் இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் 20,500-க்கு மேல் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பதை விதி இறுதியாகும் முன்பே வெளியிடுங்கள்.

2026 ஜூலை 1-க்கு முன் சேர்க்கைக் கடிதம் பெற்றவர்களுக்கும் பழைய விதி பொருந்த வேண்டும் என்று இந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் பரிந்துரை அனுப்புங்கள். தேதியை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அயோவாவின் இரு செனட்டர்களுக்கும் இந்த மடலின் ஆங்கில நகல் போயிருக்கிறது. ஆனால் துறையே கேட்டால் அதன் எடை வேறு.

என் இடத்தை உறுதிசெய்து முன்பணம் கட்ட மே 1 கடைசி நாள். அதன் பிறகு என் இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்திருப்பவருக்குப் போய்விடும். அதற்குள் நான் எந்த வரிசை என்பதை எழுத்தில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அயோவா தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ் ஒருவர்
பிப்ரவரி 2026